குறைகளைச் சொல்லியாவது மதிப்புரை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சென்ற இதழின் 'வரப்பெற்றோம்' பகுதியில், சோழவந்தானில் கொடிக்கால் (வெற்றிலைத் தோட்டம்) வைத்திருக்கும் குடும்பம் ஒன்றைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்து நண்பர் எழுதித் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட நாவலைக் குறித்து மூன்று வரிகள் வந்திருந்தன. 'நண்பர்களின் பாராட்டை நம்பி அச்சேறிய இன்னொரு நூல்' என்பது அவற்றில் ஒரு வரி. மற்ற இரண்டும் பக்கத்தையும் விலையையும் சொல்லின. நண்பனுக்கு விளம்பரம் தேடுகிறான் என்ற பேச்சுக்கு இடம் தரக் கூடாது என்பதற்காக, நூலின் பெயரை இக்கடிதத்தில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. மதுரை அச்சகங்களில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஈய எழுத்தைக் கைக்கோர்ப்பாகக் கோத்த காலத்திலிருந்து கணினி அச்சுவரை பார்த்திருக்கிறேன். இந்த நாவலின் முதல் இரண்டு ஃபாரங்களை, அதாவது 32 பக்கங்களை, அச்சுக்குப் போகும் முன்பே நண்பர் என்னிடம் காட்டினார். கண் அறுவை முடிந்து ஒரு வாரமே ஆகியிருந்ததால் மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "நல்லா வந்திருக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்தேன். ஆகவே தங்கள் மதிப்புரையாளர் சொல்லும் அந்தப் 'பாராட்டிய நண்பர்கள்' கூட்டத்தில் நானும் ஒருவன். மீதமுள்ள பதினாறு ஃபாரங்களையும் வேறு யாருமே படிக்காமல் நூல் அச்சேறிவிட்டது என்பதை அச்சான பிறகுதான் அறிந்தேன்.

ஆனால் அதன்பின் நடந்ததைத் தங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். நூல் வெளிவந்து ஆறு வாரம் கழித்து, மேலமாசி வீதிக்கு அருகில் நாங்கள் மாதந்தோறும் கூடும் மாடியறையில் இருபத்துமூன்று பேர் அமர்ந்து அதைப் பற்றிப் பேசினோம். மாலை மூன்றரைக்குத் தொடங்கிய கூட்டம் முடிய எட்டாகிவிட்டது. பாராட்டு, ஏறத்தாழ அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட்டது. மீதி நேரம் முழுவதும் நூலாசிரியர் தரையில் அமர்ந்து, தம் பிரதியின் ஓரங்களில் குறித்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் அத்தியாயத்தில் மஞ்சள்காமாலையில் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்ட அத்தை, பதினான்காம் அத்தியாயத்துக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறாள் என்று ஒரு கல்லூரி மாணவி எழுந்து சொன்னபோது அறையே சிரித்தது; நண்பரும் சிரித்தார் என்றாலும் அவர் காது சிவந்துவிட்டதை நான் கவனித்தேன்.

அன்று எல்லோரையும் விட அதிகம் சொல்ல வேண்டியிருந்தவர், சோழவந்தானிலிருந்து பேருந்தில் வந்திருந்த ஓர் அம்மா. பதினைந்து வயதிலிருந்து கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளியும் அடுக்கியும் வருபவர். அவர் மகள் நாவலை உரக்கப் படிக்க, அவர் கேட்டிருக்கிறார். கதாநாயகன் பெண் பார்க்க வந்த அன்று செருப்புக் காலோடு கொடிக்காலுக்குள் நுழைந்து, அகத்தி நிழலில் நின்று பெண்ணின் தகப்பனாரோடு பேசுகிற காட்சி ஒன்று 41-ஆம் பக்கத்தில் இருக்கிறது. "கொடிக்காலுக்குள்ள எங்க சின்னப் பிள்ளைககூடச் செருப்போட போகாது. உங்க கதையில சம்பந்தம் பேச வந்தவரு போறாரு, பொண்ணோட அப்பா பார்த்துக்கிட்டு நிக்கிறாரு. அந்த எடத்துலயே அவரு பொண்ணு இல்லைன்னு சொல்லியிருக்கணும்யா" என்றார் அந்த அம்மா. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. வாழைநாரால் கொடியை அகத்தியோடு கட்டுவதை எழுதியிருக்கும் அழகை அவரே பிறகு மெச்சினார். வளர்ந்த கொடியை ஆண்டுதோறும் இறக்கிக் கட்டுகிற வேலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, இதில்தானே இடுப்பு ஒடிகிறது என்றும் கேட்டார்.

கொடிக்காலை நண்பர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிட்டது. சோழவந்தான் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றபோது எழுந்த பெருமிதத்தில் தொடங்கிய நாவல் என்பதாலோ என்னவோ, வயலுக்குள் நடக்கும் அத்தியாயங்களில் செய்தித்தாளின் வாடை அடிக்கிறது. வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலோ அவர் வேறு ஆளாகிவிடுகிறார். மின்கணக்கீட்டாளராக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுப் படியையும் ஏறி இறங்கியவர் அல்லவா! மின் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் கிழவி, கணக்கெடுக்க வந்தவனிடம் அட்டையை நீட்டும்போதெல்லாம் அதிலிருந்து உதிரும் திருநீற்றைத் தரையில் விழவிடாமல் உள்ளங்கையில் ஏந்தி மறுபடி அட்டைக்குள்ளேயே தட்டி வைக்கும் இடத்தை நான் மூன்று முறை படித்தேன். முப்பத்தாறு ஆண்டு காலம் கூலிக்குப் படித்தவனை ஒரு பக்கத்தைத் திரும்பப் படிக்க வைப்பது எளிதன்று. தங்கள் மூன்று வரியில் இந்தக் கிழவிக்கு இடமில்லாமல் போனதுதான் என் மனக்குறை.

சொந்தச் செலவில் அச்சிட்டது என்பதையே ஒரு குறையாகக் கருதும் தொனி தங்கள் குறிப்பில் இருந்தது. தமிழின் முதல் நாவலை 1879-இல் வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, உத்தியோகம் பார்த்தவர். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட, ஊர் ஊராக முன்கையொப்பம் வாங்கிப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. அப்படி வந்த நூலையும் 1907-இல் திருத்தங்களோடு அவரே மறுபடி பதிப்பித்தார். மதுரையிலோ வாசகரின் எதிர்வினை இன்னும் காரமானது. வெள்ளைக்காரர் ஒருவர் திருக்குறளைத் தம் மனம்போலத் திருத்தி அச்சிட, 1901-இல் இங்கே நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அந்தப் பிரதிகள் அத்தனையையும் விலைக்கு வாங்கிக் கொளுத்தினார் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் நண்பருக்கு அப்படி ஒரு வாசகர் வாய்த்திருந்தால் 300 பிரதியும் ஒரே நாளில் விற்றிருக்கும்.

விற்பனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருங்கால வைப்பு நிதியிலிருந்து 48,000 ரூபாய் எடுத்து அச்சிட்டார். கடைகள் கேட்கும் கழிவைக் கொடுத்தால் அச்சுக்கூலி மட்டுமே தேறுகிறது. ஆகவே பெரும்பாலும் பையில் தூக்கிச் சென்று கையில் கொடுத்தே விற்றார். நூலில் சர்வதேசத் தர நூல் எண் (ISBN) இல்லை என்று தங்கள் மதிப்புரையாளர் குறிப்பிட்டது சரியானது. நம் நாட்டில் அந்த எண்ணைக் கட்டணமின்றியே பெறலாம் என்பதும், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்பதும் நண்பருக்குத் தெரிந்திருக்கவில்லை. அட்டையைச் செய்து கொடுத்தவர்களும் சொல்லவில்லை, அச்சகத்திலேயே ஆயுளைக் கழித்த நானும் சொல்லவில்லை.

பதிப்பகத்தின் வழியாக வரும் நாவலுக்குக் கையெழுத்துப் பிரதியை வெட்டித் திருத்த ஒருவர் இருப்பார் என்பது நம்பிக்கை. (அந்த நம்பிக்கை எத்தனை பதிப்பகங்களில் பலிக்கிறது என்பதை என் தொழிலில் இருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.) தானே அச்சிடுகிறவருக்கு அப்படி ஒருவர் இல்லை, அவருடைய முதல் பதிப்பே கையெழுத்துப் பிரதி, அதைப் படிக்கிற அந்நியர்களே திருத்துநர்கள். அந்த மாடியறையில் அன்று நடந்தது அந்த வேலைதான். ஆனால் நாங்கள் எத்தனை பேர் பேசினாலும் நண்பர்கள் என்ற பெயர் எங்களை விட்டுப் போகாது. எங்கள் கண்டிப்பிலும் கொஞ்சம் தாட்சண்யம் இருக்கத்தான் செய்யும். அந்தத் தாட்சண்யம் இல்லாத இரண்டு பக்கத்தைத் தங்கள் இதழால் தர முடியும். அத்தை உயிர்த்தெழுந்ததைக் கேலி செய்யுங்கள், செருப்பைக் கண்டியுங்கள், வல்லினம் மிக வேண்டியும் மிகாமல் விட்ட இடங்களை எண்ணிச் சொல்லுங்கள். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்பது ஒன்றே கோரிக்கை.

இரண்டாம் பதிப்பின் மெய்ப்பு இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. இந்த முறை பதினெட்டு ஃபாரங்களையும் நானே பார்க்கிறேன். கல்யாணத்தில் இனிப் பந்தி விசாரிக்கப்போவது சித்தி. 41-ஆம் பக்கத்தில் மாப்பிள்ளை வேலியோரம் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிறார். திரும்பி வரும்போது செருப்பில் ஒன்றை ஆட்டுக்குட்டி கவ்விக்கொண்டு போயிருக்கிறது. ஆட்டுக்குட்டி யாரும் சொல்லிக் கொடுத்ததன்று, நண்பர் தாமே எழுதியது. கொடி இறக்கும் அத்தியாயம் இன்னும் என் கைக்கு வரவில்லை. அதற்காக அவர் மூன்று ஞாயிறாக அந்த அம்மாவோடு கொடிக்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நூல் அச்சானதும் தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு பிரதிகள் வந்து சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை