கோயில் அலுவலகத்துப் பழைய கணினியைக் கழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரங்கூன், பெகு, மோல்மீன் என்று எங்கும் கோயில் அலுவலகங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் துணி போர்த்திக் கிடக்கும் பழைய மேசைக் கணினியை என்ன செய்வது என்று நிர்வாகக் குழுக்கள் யோசிக்கின்றன. ரேம் கூட்டிப் புது மதர்போர்டு போடலாம் என்பார் ஒருவர், பழைய இரும்புக்குக் கொடுத்துவிடலாம் என்பார் இன்னொருவர். அதற்கெல்லாம் முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டும்: அதற்குள் இருக்கும் தமிழை அந்தக் கணினி இல்லாமல் படிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் தமிழை விண்டோஸ் ஏற்றதே விண்டோஸ் 2000-இல்தான். அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று ஒரு குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு, வைத்திருந்தது. தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற தரங்களை அறிவித்ததே 1999-இல். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி இந்த நாடு ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது பர்மிய எழுத்தில் நாம் பார்த்த அதே குழப்பம்தான். போதாததற்கு, அக்காலத் தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள் பல, பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் டாங்கிள் என்ற சிறு பூட்டுக் கருவி இருந்தால்தான் திறக்கும். இப்போதைய கணினிகளில் அந்த 25 முனை போர்ட் இல்லை. கடையில் விற்கும் யூஎஸ்பி மாற்றி பிரிண்டரை மட்டுமே இயக்கும், டாங்கிளை அறியாது. டாங்கிள் உள்ள கணினிக்குப் புது மதர்போர்டு போட்டால் மிஞ்சுவது வெறும் பெட்டி. அந்தக் கணினியை அப்படியே காப்பாற்றுங்கள்.

ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த கணினியை எடுத்த எடுப்பில் சுவிட்ச் போடாதீர்கள். மூடியைக் கழற்றி முதலில் பேட்டரியைப் பாருங்கள். 386, 486 என்ற பழைய செயலிகளின் போர்டுகளில் நீலம் அல்லது பச்சை உறையிட்ட 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது கசிந்தால் காரம் செப்புத் தடங்களைத் தின்னும், பச்சைப் பொருக்கு படியும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தடவி நன்றாக உலர்த்துங்கள். போர்டில் வெளிப் பேட்டரிக்கான முனைகள் இருந்தால் மூன்று ஏஏ செல்கள் போதும். போர்டு அவற்றைச் சார்ஜ் செய்யாதபடி மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு கட்டாயம். பென்டியம் காலத்துப் போர்டு பலவற்றில் சிஆர்2032 நாணய பேட்டரிதான், மாற்றுவது எளிது. பேட்டரி தீர்ந்தால், கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டு மென்பொருளான பயாஸ், ஹார்டு டிஸ்க்கின் அளவுக் கணக்கை மறந்துவிடும். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள்.

பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்ச் 230-இல் இருக்க வேண்டும். பழைய ஏடி வகையில் போர்டுக்குப் போகும் இரண்டு இணைப்பிகளின் கறுப்புக் கம்பிகள் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் வர வேண்டும், மாற்றிச் செருகினால் போர்டு போயிற்று. மல்டிமீட்டரில் 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25-க்குள்ளும், 12 வோல்ட் லைன் 11.4 முதல் 12.6-க்குள்ளும் இருக்கட்டும். 2000-ஐ ஒட்டி வந்த போர்டுகளில் தலை உப்பிய கெப்பாசிட்டர்கள் உண்டா என்றும் பாருங்கள்.

ஹார்டு டிஸ்க்கின் முழு நகலை எடுத்த பிறகுதான் மற்ற எந்த வேலையும். மூல டிஸ்க்கில் பிழை திருத்தும் ஸ்கேன்டிஸ்க்கை ஓட்டவே கூடாது, அது டிஸ்க்கில் எழுதும். போகிற டிஸ்க்கில் எழுதினால் இருப்பதும் போகும். டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ என்ற பழைய வகை டிஸ்க் போர்ட் உள்ள வேறொரு கணினியில் லினக்ஸ் ஏற்றி டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு நகலெடுங்கள். முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைத் தாண்டிப் போய், அடுத்த சுற்றில் திரும்பி வந்து முயல்வது அதன் முறை. மிகப் பழைய டிஸ்க்குகளை யூஎஸ்பி மாற்றிகள் பல கண்டுகொள்வதில்லை. எழுத்துருக் கோப்புகளைத் தனியாகவும் எடுத்துவையுங்கள். பிளாப்பி வட்டில் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், தலை அழுக்காகி அடுத்த பிளாப்பியையும் கீறும்.

திரும்பப் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம் என்றால் செய்யலாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஐடிஇ மாற்றியில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை நல்ல வழி. ஆனால் பழைய 486 பயாஸ்கள் 504 எம்பிக்கு மேல் பார்க்காது. பென்டியம் போர்டில் 72 முனை ரேமை இரண்டிரண்டாகவே போட வேண்டும். இன்டெல் 430 விஎக்ஸ், டிஎக்ஸ் சிப்செட்டுகள் 64 எம்பி வரைக்குமே வேக நினைவகத்தில் எடுத்துவைக்கும் (கேஷ் செய்யும்), அதற்கு மேல் போட்டால் வேகம் குறையத்தான் செய்யும். விண்டோஸ் 98 உள்ள கணினியில் 512 எம்பியைத் தாண்டினால் தொடங்கவே மறுக்கலாம்.

டாங்கிளும் பழைய மென்பொருளும் இல்லாத பென்டியம் 4 கணினியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். நகலெடுத்துவிட்டுக் கொடுத்துவிடலாம். கோர் 2 டூயோ என்றால் 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டு லினக்ஸில் ரசீது, கணக்கு எழுதலாம்.

காப்பாற்றும் கணினியை இணையத்தில் இணைக்க வேண்டாம். மழைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும், மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மின்சாரம் போனால் உடனே சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மின்சாரம் வந்து சில நிமிடம் கழித்தே மாட்டுங்கள்.

நகலெடுத்த கோப்புகளை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றலாம். குறியாக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் மெய்ப்புப் பார்க்காமல் விடக்கூடாது. பழைய முறைகள் சிலவற்றில் ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறியீடு என்பதால் கௌரி 'கெளரி' ஆகிவிடும். திருப்பணி நன்கொடையாளர் பட்டியலை மாற்றும்போது பழைய அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்துப் பெயர் பெயராக ஒப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்,
ரங்கூன்