நிலாவின் ஜார்ஜியா சார்ட்

திண்டிவனம்

அன்புள்ள கயலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நிலா காட்டிய சார்ட்டைப் பார்த்தோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில வரைபடம், பீச் பழம், கோகோ கோலா பாட்டில். 1886இல் அட்லாண்டா மருந்துக்காரர் ஒருவர் அதைக் கலக்கிய கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். எல்லாம் சரிதான். ஆனால் 30 வருடம் சமூக அறிவியல் நடத்தியவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

பீச்சைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தச் சொல். 'பீச் மாநிலம்' என்பது பட்டப்பெயர்தான். கலிஃபோர்னியாவில் அதைவிட எவ்வளவோ அதிகம் விளைகிறது. ஜார்ஜியாவின் பெருமை நம்ம மல்லாட்டை, அதான் வேர்க்கடலை. அமெரிக்கா முழுக்க விளைவதில் ஏறக்குறைய பாதி அங்கேதான். சவானா போகிற வழியில் மாப்பிள்ளை காரை நிறுத்தி, உப்புப் போட்டு அவித்த மல்லாட்டை வாங்கித் தந்தாரே, "இதைத் தின்னவா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று உன் அம்மா முனகிக்கொண்டே பாதியைக் காலி செய்தாள். ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரும் அந்த ஊர்க் கடலை விவசாயிதான்.

அந்த சவானாவில்தான் 1733இல் ஓகிள்தார்ப் என்ற ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கினார். இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் பெயரை வைத்தார்கள். பிற்பாடு அமெரிக்காவாக ஆன 13 பிரிட்டிஷ் காலனிகளில் அதுதான் கடைசி. ஆரம்பத்தில் அடிமை வைத்துக்கொள்ளத் தடை இருந்தது, 1751இல் அதை நீக்கிவிட்டார்கள். அப்புறம் பருத்திக் காடுகளில் நடந்ததை அவள் வயதுக்கு ஏற்றபடி நீ சொல்லிக்கொள். அட்லாண்டாவில் பிறந்த மார்ட்டின் லூதர் கிங் 1959இல் நம் சென்னைக்கும் வந்தார் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

எனக்குக் குறையாகப் பட்டது வேறு. வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று சார்ட்டில் ஒரு வார்த்தை இல்லை. வடக்கே நியூ எக்கோட்டா என்ற இடம் செரோக்கி மக்களின் தலைநகரம். 1828இல் அங்கே சொந்த மொழியில் பத்திரிகை அச்சடித்தார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத செக்வோயா என்பவர் தனியாளாக உண்டாக்கிய எழுத்து அது. பக்கத்து மலையில் தங்கம் கிடைத்தது. நிலத்தின் மேல் எல்லோருக்கும் கண். 1838இல் அவர்களைச் சிப்பாய்கள் வளைத்துப் பிடித்து மேற்கே ஓக்லஹோமாவுக்குத் துரத்தினார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சார்ட்டின் மூலையில் நிலா வரைந்திருக்கிறாளே வெள்ளைப் பூ, மாநில மலர், அதன் பெயர் செரோக்கி ரோஜா. ஆளை விரட்டிவிட்டுப் பூவுக்குப் பேர்! அந்தப் பூவும் சீனாவிலிருந்து வந்ததுதான்.

செரோக்கி எழுத்து நம் உயிர்மெய் மாதிரி, ஓர் அசைக்கு ஓர் எழுத்து. மொத்தம் 85. நிலாவின் பெயருக்கு இரண்டே போதும், 'நி', 'லா'. நெட்டில் அட்டவணை இருக்கிறது. பார்த்து சார்ட்டின் அடியில் எழுதச் சொல், அடுத்த ஞாயிறு எனக்குக் காட்டட்டும்.

அன்புடன்,
அப்பா