இடமா வலமா

காவேரிப்பட்டினம்,
விஜயதசமி.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. என் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. அப்பாவின் அம்பாசடரை என்ன செய்தாய் என்று கேட்டிருந்தாயே, வண்டி ஓடட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் தள்ளிப்போட்டேன்.

ஆயுத பூஜைக்குத் துடைக்கப் போய் நானே வம்பை விலைக்கு வாங்கினேன். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரம் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தன. நான்கு பிளக் வயரையும் ஒரே மூச்சில் உருவிப் போட்டுத் துடைத்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. துடைத்து முடித்ததும் நான்கும் ஒன்றுபோல் இருந்தன.

சரி, பயம் இல்லை. ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர், வெடிக்கிற வரிசை 1-3-4-2. இது அப்பா காலத்து மனப்பாடம். ஒன்றாம் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையைப் பேரன் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டான். நான் முன்னால் நின்று ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மெல்லச் சுற்றினேன். “தாத்தா, காத்து தள்ளுது!” என்று கத்தினான். ஒன்றாம் பிஸ்டன் அழுத்திக்கொண்டு மேலேறுகிறது என்று அர்த்தம். அது உச்சிக்கு வந்ததைக் கிராங்க் புல்லிக் குறியில் பார்த்து அங்கேயே நிறுத்தினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் தூக்கினால், உள்ளே சுற்றும் ரோட்டர் மூடியின் எந்த முனையைப் பார்க்கிறதோ, அதில்தான் ஒன்றாம் வயர். அங்கிருந்து வலப்பக்கமாக மூன்று, நான்கு, இரண்டு என்று மாட்டிவிட்டேன்.

ஸ்டார்ட் ஆனது, அதுதான் கொடுமை. வண்டி ஜுரம் கண்டவன்போல் உதறியது. ஏர் கிளீனரைக் கழற்றி வைத்திருந்தேனா, பெட்ரோலும் காற்றும் கலக்கிற கார்பரேட்டரின் வாயில் ‘டப், டப்’ என்று தீ எட்டிப் பார்த்தது. பேரன் திண்ணைக்கு ஓடிவிட்டான். புது பிளக் போட்டேன், பாயிண்டைத் தேய்த்தேன், பெட்ரோல் மேல் பழி போட்டேன். இரண்டு நாள் போயிற்று.

எதிர்வீட்டில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பூவுக்குப் போனவர் கையில் சாமந்திப் பையோடு நின்று, ஒரே கேள்வி கேட்டார்: “ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துது?”

நான் பார்க்கவே இல்லை, மாப்பிள்ளை. மூடியைக் கழற்றி ஹேண்டிலைச் சுற்றினால், ரோட்டர் இடப்பக்கமாக, கடிகாரத்துக்கு எதிராகப் போகிறது. நான் எண்ணியதோ வலப்பக்கம். வரிசை சரி, திசை தப்பு. அப்படி மாட்டினால் ஒன்றும் நான்கும் இடம் மாறாது, இரண்டும் மூன்றும்தான் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்காரும். அந்த இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்குபவை. மூன்று அழுத்தி நிற்கும் நேரத்தில் இரண்டு புகையைத் தள்ளி முடித்து உள்வால்வைத் திறக்கிறது. அங்கே பொறி விழுந்தால் தீ கார்பரேட்டர் வழியாகத்தானே வெளியே வரும்?

இரண்டு வயரை மாற்றினேன். அவ்வளவுதான், தையல் மிஷின் சத்தம். நேற்று சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கிருஷ்ணகிரி அணை வரை போய் வந்தோம். பெரியவர் முன்சீட்டில்.

உன் மாருதி 800-ஐ நீயே நோண்டுவதாக எழுதியிருந்தாய். அதற்கு மூன்றே சிலிண்டர், 1-3-2. கழற்றும்முன் வயரில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிடு. தங்கச்சியிடம் கேட்டு வாங்கு, எடுத்துக்கொண்டு போகாதே.

பொங்கலுக்கு வா. ஒகேனக்கல் போகலாம், ஹேண்டில் உன் பொறுப்பு.

அன்புடன்,
உன் பழைய கடைசி பெஞ்ச்காரன்