வீட்டைக் கட்டிய கொத்தனார் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் வெளியூர் ஆட்களைக் கூட்டி வருகிறவர்கள், பெரிய வீடுகளின் முகப்பில் நின்று பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று அடுக்குகிறார்கள். எந்தச் செட்டியார் வீடு என்பதும் வந்துவிடும். சரி, அளவு போட்டுக் கட்டிய மேஸ்திரி யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

நான் பள்ளத்தூர்க்காரன். முப்பது வருடமாகப் பழைய வீடுகளில் பூச்சு வேலை பார்க்கிறேன், என் தாத்தாவும் கொத்தனார்தான். போன தை மாதம் ஒரு வீட்டில் தண்ணீர் இறங்கி உப்பியிருந்த சுவரைக் கொத்தினேன். அடியில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு, அதற்கு மேல் அடுக்கடுக்காக மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு ஒரு தாள் கனம்தான் இருந்தது. எண்பது வருடத்துக்கு மேல் ஆன சுவர், கை வைத்தால் இன்னமும் சில்லென்று வழுக்குகிறது. கொத்தவே மனசு வரவில்லை. அப்புறம் அந்த வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டைப் பாருங்கள், முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி அடுத்த தெருவில் இருக்கிற பின்வாசல் வரை பார்வை நேராகப் போகும், முற்றத்து மழைத் தண்ணீர் ஒரு சொட்டுத் தேங்காமல் ஓடுகிற மாதிரி தளத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள். தூக்குக்குண்டும் நூலும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

பக்கத்துப் பிள்ளையார்பட்டியில் 1927-ல் பிறந்த கணபதி ஸ்தபதி பற்றி நமக்கு எவ்வளவோ தெரியும். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியின் முதல்வராக இருந்தார், வள்ளுவர் கோட்டம் கட்டினார், கன்னியாகுமரியில் 38 அடி பீடமும் 95 அடி சிலையுமாக 133 அடியில் வள்ளுவரை நிறுத்தினார், 2009-ல் பத்மபூஷண் வாங்கினார். நம் ஊர்க்காரர் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவருக்கு ஒரு தலைமுறை முந்தி இதே வட்டாரத்தில் வீடு வீடாகக் கட்டியவர்கள் எந்த ஊர், யாரிடம் தொழில் படித்தார்கள் என்பதுகூட நம்மிடம் இல்லை.

ஆனால் தேடினால் கிடைக்கும். நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார்கள் வீட்டில் காலணா செலவுக்கும் கணக்கு உண்டு. ஒரு வீட்டுப் பெட்டகத்தில் கட்டுமானக் கணக்கு நோட்டை நானே பார்த்திருக்கிறேன், பூச்சுக்கு எத்தனை முட்டை வாங்கினார்கள் என்பது முதற்கொண்டு எழுதியிருந்தது, வாராவாரம் தலைமைக் கொத்தனார் பெயரும் கூலியும் தவறாமல் இருந்தன. 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன. வீட்டு வரலாறு எழுதி மாட்டுகிற பலகையில் அந்தப் பெயருக்கு ஒரு வரி இடம் இல்லையா?

ஆச்சிமாரும் அண்ணன்மாரும் தயவுசெய்து பெட்டகத்தைத் திறந்து பாருங்கள், கறையான் முந்திக்கொள்வதற்குள். பெயர் கிடைத்தால் ஒரு சின்னக் கல்லில் வெட்டி வையுங்கள். பள்ளத்தூர் சுற்றுவட்டாரத்தில் எந்த வீடானாலும் அந்தக் கல்லை நானே வந்து முகப்பில் பதித்துத் தருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பூச்சு வேலைக் கொத்தனார் ஒருவர்,
பள்ளத்தூர்