சமையல் அக்காவுக்கும் எங்கள் ஊராருக்கும் நன்றி

அன்புடைய ஊராருக்கும் உறவினருக்கும் வணக்கம்.

தையற்கூடத்தில் என்னை நிரந்தரப் பணியாளராக எடுத்துக்கொண்ட கடிதம் நேற்று மாலை கைக்கு வந்தது. எங்கள் வீட்டில் நேர்ந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.

விதவை ஓய்வூதியமாக வந்த 1,200 ரூபாயும், நியாயவிலைக் கடை அரிசியும், நூறு நாள் வேலையும் எங்களைப் பட்டினியிலிருந்து காத்தன. ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் இறங்கிவிட்ட நம் பக்கத்தில் வயற்கூலியை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்க்க இயலாது என்பதால் தையல் பயிற்சிக்குச் சென்றேன். மன்னார்குடியில் வேலையும் கிடைத்தது. ஏழு மணி நகரப் பேருந்தை விட்டால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பள்ளியில் காலை உணவோ எட்டு மணிக்கு மேல்தான். மூன்றாம் வகுப்பும் ஒன்றாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளை, அதிலும் மேட்டூர்த் தண்ணீர் வாய்க்கால் நிறைய ஓடும் மாதங்களில், அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரிடம் விட்டுச் செல்வது என்று தெரியாமல் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட இருந்தேன்.

2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில், மகளிர் குழுவிலிருந்து நம் பள்ளிக்குச் சமைக்க வந்தவர் அந்த அக்கா. ஆறு மணிக்கே அடுப்பு மூட்டிவிடுவார். நான் கேளாமலே, பிள்ளைகளை ஆறேமுக்காலுக்குக் கொண்டுவந்து விடும்படியும், சமையற்கூடத்து வாசலில் தம் கண் முன்னே இருக்கட்டும் என்றும் சொன்னார். அடுப்புப் பக்கம் வராதிருக்கச் சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தார். ரவை வறுத்துக்கொண்டே மகளை வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். கை ஓய்ந்த நேரத்தில் தலை பின்னிவிடுவார். இது அவருடைய வேலையன்று. இதற்காக ஒரு காசும் அவருக்குக் கிடையாது. சமையலுக்குக் கிடைக்கும் ஊதியமே எவ்வளவு சொற்பம் என்பதைக் குழுவில் உள்ளோர் அறிவர். முதல் சம்பளத்தில் நான் எடுத்துச் சென்ற புடவையையும், பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கும்படி சொல்லித் திருப்பிவிட்டார்.

ஓய்வூதிய மனுவை எழுதித் தந்த அண்ணன், பயிற்சிக்கு என் பெயரைச் சேர்த்த குழுச் செயலாளர், முதல் சம்பளம் வரும்வரை கடனுக்கு மளிகை தந்த கடைக்காரர், மாலையில் பிள்ளைகளைத் தம் வீட்டுத் திண்ணையில் அமர்த்திக்கொள்ளும் அத்தை, பெண்களுக்குக் கட்டணமில்லாத பேருந்தில் ஒருநாளும் முகம் சுளிக்காத நடத்துநர் ஆகிய உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

எனினும், வேலைக்குப் போகும் தாய்மாரின் விடியற்காலை ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பி இருப்பது சரியன்று என்றே எண்ணுகிறேன். அந்த அக்காவுக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால், அவரை நம்பிப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் பெண்களின் அன்றைய கூலியும் போய்விடும். ஆகவே, சீக்கிரம் வரும் பிள்ளைகளுக்காகப் பள்ளியில் ஓர் அறையைத் திறந்துவைக்கவும், அவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு உரிய ஊதியம் தரவும் வேண்டும் என்று அக்டோபர் 2 கிராம சபையில் கேட்கவிருக்கிறேன். அன்று தையற்கூடத்துக்கும் விடுமுறை. மனுவை எழுதி வைத்துவிட்டேன். காலைப் பேருந்தில் வரும் தாய்மார்கள் கையெழுத்திட்டு உடன் வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.