எங்கள் குழுவுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

பெரியோர்களுக்கும் உடன்பிறந்தோருக்கும் வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தில் முல்லைத் தோட்டங்களிலும் உப்பளங்களிலும் கூலி வேலை செய்யும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களான நாங்கள், தனியார் நிறுவனங்களிடம் வாங்கிய வாரக்கடன்களின் கடைசித் தவணையையும் இம்மாதம் கட்டி முடித்தோம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னையையும் கூரையையும் ஒருசேரச் சாய்த்த பிறகு, வாசலிலேயே பணம் தந்தவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. எங்களில் பலர் வீட்டுக்குத் தகரம் போட்டது அந்தப் பணத்தில்தான். ஆனால் வேலையில்லாத மழைக்காலத்திலும் தவணை வாரம் தவறவில்லை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டும் வரை யாரும் எழுந்து போக முடியாது என்பதால், அக்கா தங்கையாகப் பழகியவர்களே ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூசினோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினோம். 2020 கொரோனா காலத்தில் தள்ளிவைத்த தவணைகளுக்கும் வட்டி ஏறியது பின்னர்தான் தெரிந்தது.

முதல் நன்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கு உரியது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளை, எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கியவர் அவர். அதன்பின் ஓர் இரவு அடுப்படி வரை வந்து நின்ற வசூல்காரரிடம், “நாளைக்கு ஒன்பது மணிக்கு மேல வாங்க தம்பி” என்று எங்கள் உறுப்பினர் ஒருவர் சொன்னதும், அவர் மறுபேச்சின்றி வண்டியைத் திருப்பினார்.

எங்கள் தீர்மானப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, சேமிப்பும், எங்களுக்குள் கொடுத்து வாங்கும் உள்கடன் வசூலும் ஒழுங்காக இருப்பதைக் கண்டு, சுய உதவிக் குழுக்களுக்கு வங்கி தரும் இணைப்புக் கடனைப் பிணை கேட்காமல் வழங்கிய வங்கி மேலாளருக்கும் நன்றி. அதில் பெரும்பகுதி பழைய பாக்கிக்கே போயிற்று. ஆடு வாங்கியவர்கள் இரண்டே பேர். கடன் பெற்ற பெண்கள் எல்லோரும் தொழில்முனைவோர் ஆகிவிட்டதாக மேடைகளில் பேசும்போது எங்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது. வட்டி குறைந்ததும் வாரத்தவணை மாதத்தவணையானதுமே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

கணக்கு எழுதக் கற்றுத்தந்த சமுதாய வளப் பயிற்றுநருக்கும், கூலியை முன்பணமாகத் தந்து உதவிய பூ வியாபாரிக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

வசூலுக்கு வந்தவர்களில், ஒரு மழை நாளில் தம் கைக்காசைப் போட்டு எங்கள் தவணையை நேர்செய்த தம்பி ஒருவரும் உண்டு. அவர் அந்த வேலையை விட்டுப் போய்விட்டார். எந்த ஊரில் இருந்தாலும், அந்தத் தொகையைப் பெற்றுக்கொள்ள ஒருமுறை எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊக்குநர், பிரதிநிதி மற்றும் உறுப்பினர்கள்,
மகளிர் சுய உதவிக் குழு