எழுத்து மீந்துபோன மொழி

அன்புள்ள மருமகளுக்கு,

சொல்வதெழுதுதலில் பத்துக்கு ஆறு வாங்கிய கோபத்தில் தொலைபேசியில் நீ கேட்டதை நினைத்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். "ஆங்கிலேயர்களுக்கு எழுத்து மீந்துபோய்விட்டதா மாமா? கண்ட இடத்தில் கொட்டி வைத்திருக்கிறார்களே!"

பாதி உண்மைதான். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் பி-யை விட்டுவிட்டாய் என்று உன் ஆசிரியை சிவப்பு மையால் சுழித்திருக்கிறார். அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தபோது பி இல்லாமல்தான் வந்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் லத்தீன் படித்த பண்டிதர்கள், 'இதன் பாட்டி லத்தீன் "டெபிட்டம்" அல்லவா' என்று பி-யைக் கொண்டுவந்து செருகினார்கள். ஏட்டில் ஏறியது நாக்கில் ஏறவில்லை. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' கதை இன்னும் மோசம். அங்கே எஸ் செருகியவர்கள் உறவுமுறையையே தவறாகப் பிடித்தார்கள். லத்தீன் 'இன்சுலா'வின் வழியில் வந்தது, தீவுக்கே இன்னொரு சொல்லான 'ஐல்' மட்டும். 'ஐலண்ட்' பழைய ஆங்கிலம் பெற்ற பிள்ளை.

ஆனால் கத்தியின் 'நைஃப்', முழங்காலின் 'நீ' இரண்டிலும் முன்னால் நிற்கும் கே-யை யாரும் செருகவில்லை. ஒரு காலத்தில் அதை வாய்விட்டே சொன்னார்கள். ஜெர்மானியர் முழங்காலை இன்றும் 'க்னீ' என்கிறார்கள். 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தபோது அந்தக் கே ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அச்சு எழுத்தைக் கட்டிப்போட்டது. நாக்கு தன் போக்கில் போய்விட்டது. பேயைக் குறிக்கும் 'கோஸ்ட்'டில் எச் நுழைந்ததற்கும் அவருடைய அச்சுக்கூடத்தைத்தான் கைகாட்டுகிறார்கள்; அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த ப்ரூஜஸ் (இன்றைய பெல்ஜியம்) நகரத்து ஃபிளெமிஷ் மொழியின் எழுத்துப் பழக்கமாம். நம் ஊர்ப் பேய்க்குக் கால் கிடையாது, அவர்கள் பேய்க்கு ஓர் எழுத்து கூடுதல்.

அதிகம் சிரிக்காதே. நீயும் நானும் வீட்டில் 'நேத்து' என்கிறோம், தாளில் 'நேற்று' என்று எழுதுகிறோம். மூன்றாம் வகுப்பில் காதில் விழுந்தபடி எழுதி மதிப்பெண்ணை இழந்தவன் உன் மாமா. இங்கேயும் எழுத்து நின்ற இடத்தில் நிற்க, நாக்கு நடந்துவிட்டது. வாசிக்கும்போதாவது நாம் அந்த றகரத்துக்கு மரியாதை தருகிறோம். அவர்கள் வாசிக்கும்போதும் கே-யைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நம் ககரத்துக்கும் 'கல்', 'தங்கம்', 'அகம்' என மூன்று ஒலி உண்டு. ஆனால் எழுத்து நிற்கும் இடம் தெரிந்தால் ஒலி தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் 'த்ரூ', 'தோ', 'டஃப்', 'காஃப்' நான்கிலும் ஓ-யு-ஜி-எச் அப்படியே இருக்க, ஒலி மட்டும் திசைக்கொன்றாக ஓடுகிறது. அதற்கு என்னிடம் மருந்தில்லை, மனப்பாடம்தான்.

திங்கட்கிழமை மறுதேர்வு என்றாய். ராணுவத்துக் 'கர்னல்' வந்தால் சி-ஓ-எல்-ஓ-என்-இ-எல் என்று எழுதிவிடு. அதில் ஆர் எங்கே என்று இப்போது கேட்காதே. அது நீண்ட கதை, விடுமுறைக்கு வரும்போது சொல்கிறேன்.

அன்புடன்,
மாமா